தீர்ப்புக்குப் பின் கிடைத்த சான்று: கொலை வழக்குக் கேள்வி பதில்

கேள்வி: கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற என் அண்ணனின் மேல்முறையீடு உயர் நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ளது. சம்பவ நாளில் அவர் வெளியூர் மருத்துவமனையில் உள்நோயாளியாக இருந்ததற்கான பதிவேடு இப்போதுதான் கிடைத்தது. புதிதாக வழக்குத் தொடர வேண்டுமா?

பதில்: வேண்டாம். மேல்முறையீடு முடியாமல் இருப்பதே உங்களுக்குப் பெரிய பேறு. அந்த மேல்முறையீட்டிலேயே கூடுதல் சான்று ஏற்கக் கோரி மனுச் செய்யலாம். 2024 ஜூலை 1-க்கு முன் தாக்கலானது என்றால் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 391-ஆம் பிரிவும், அதற்குப் பிந்தையது என்றால் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 432-ஆம் பிரிவும் பொருந்தும். உயர் நீதிமன்றம் தானே சாட்சியம் பதியலாம். அமர்வு நீதிமன்றத்தைப் பதிந்து அனுப்பச் சொல்லவும் செய்யலாம்.

ஆனால் உங்கள் வழக்கில் ஒரு முள் இருக்கிறது. பதிவேடு புதிது, செய்தி புதிதன்று. தாம் மருத்துவமனையில் இருந்தது அண்ணனுக்கு அன்றே தெரியும் அல்லவா? உரிய முயற்சி எடுத்தும் முன்பே கொண்டுவர முடியாமல் போன சான்றுக்கும், பிற்பாடு வெளிப்பட்ட உண்மைக்குமே இந்த வழி என்று உச்ச நீதிமன்றம் 2024-இலும் வலியுறுத்தியுள்ளது. ஆகவே முதலில் அவருடைய 313 வாக்குமூலத்தை, அதாவது விசாரணையில் நீதிபதியே குற்றம் சாட்டப்பட்டவரிடம் நேரடியாகக் கேட்டுப் பதிந்த பதில்களை, எடுத்துப் படியுங்கள். நீதிபதி கேள்வி கேட்டபோது மருத்துவமனையைப் பற்றி ஒரு வரியாவது சொல்லியிருந்தால் மனுவுக்கு முதுகெலும்பு உண்டு. சொல்லவில்லை என்றால், பதிவேட்டைத் தேடி யார், எப்போது அலைந்தார்கள், என்ன பதில் கிடைத்தது என்பதையெல்லாம் தேதிவாரியாக அபிடவிட்டில் (உறுதிமொழியோடு எழுதித் தரும் பத்திரம்) விளக்கியாக வேண்டும். மூலப் பதிவேட்டை வீட்டுக்கு எடுத்து வராதீர்கள். நீதிமன்றமே அதை வரவழைக்கட்டும்.

கேள்வி: உச்ச நீதிமன்றமும் தண்டனையை உறுதிசெய்துவிட்டது. புதிய சான்று கிடைத்தால் வழக்கை மீண்டும் திறக்க முடியுமா?

பதில்: கதவு மிகவும் ஒடுங்கிவிட்ட நிலை இது. தீர்ப்பை அதே நீதிமன்றம் மறுபடி பார்க்கக் கோரும் சீராய்வு மனுவுக்கு 30 நாள் கெடு உண்டு. தாமதத்துக்குக் காரணம் காட்ட வேண்டும். அதுவும் தள்ளுபடியானால், 2002 முதல் உச்ச நீதிமன்றத்திலேயே கியூரேட்டிவ் மனு என்ற கடைசி வழி உண்டு. 2009-இல் ஆறு பேருக்கு மரண தண்டனை என்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றமே 2019-இல் சீராய்வில் அந்த ஆறு பேரையும் விடுதலை செய்தது என்பது உண்மை. ஆனால் அது அரிது; அதைக் காட்டி, வழக்குச் செலவுக்கு வீட்டை விற்கச் சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

கேள்வி: சம்பவத்தின்போது என் மகனுக்கு 18 வயது நிறையவில்லை. இப்போது சொல்லலாமா?

பதில்: தாராளமாகச் சொல்லலாம். வழக்கு இறுதியாக முடிந்த பின்னும் எந்த நீதிமன்றத்திலும் இதை எழுப்பலாம் என்று 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு சொல்கிறது. 28 ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்த மரண தண்டனைக் கைதி ஒருவர் சம்பவத்தின்போது 12 வயதுச் சிறுவர் என்று பள்ளி ஆவணத்தை ஏற்று 2023-இல் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. பள்ளிச் சான்றுக்கே முதலிடம்; வயதைக் கணிக்கும் எலும்புப் பரிசோதனை கடைசியில்தான். சான்றிதழில் எதையும் திருத்தப் பேனா படக்கூடாது.

கேள்வி: மேல்முறையீடு நிலுவையில் உள்ளது, புதிய ஆவணம் கிடைத்துள்ளது. தனி வழக்குப் போடலாமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: முதன்மைச் சாட்சி, மிரட்டலுக்குப் பயந்து பொய் சொன்னதாக இப்போது அபிடவிட் தருகிறார். இது போதாதா?

பதில்: தனியாகப் போதாது. சாட்சியை விலைக்கு வாங்கிவிட்டார்கள் என்றே நீதிமன்றம் முதலில் ஐயுறும். மேலும் பொய்ச்சாட்சிக் குற்றத்துக்கு அவர் ஆளாகக்கூடும் என்பதால் அவருக்குத் தனி வழக்கறிஞர் வேண்டும்.

இடையில் ஓர் இளம் வழக்கறிஞர்: ஒருவரைச் சிறைக்கு அனுப்பியபோது நம்பிய அதே வாயை, மறுக்கும்போது மட்டும் நம்ப மறுப்பது அநியாயம் இல்லையா?

பதில்: முந்தைய சொல் கூண்டில் ஏறிக் குறுக்கு விசாரணையைத் தாங்கியது, பிந்தையது வழக்கறிஞர் அறையில் முத்திரைத்தாளில் எழுதப்பட்டது. அதனால்தான் அபிடவிட்டோடு நிற்காமல், அந்தச் சாட்சியை நீதிமன்றத்தில் மீண்டும் விசாரிக்க அனுமதி கேளுங்கள் என்கிறேன்.

அவரே: எல்லா மேல்முறையீடும் முடிந்தவருக்கு? நீதி காக்க உயர் நீதிமன்றத்துக்கு இயல்பாகவே உள்ள உள்ளார்ந்த அதிகாரம் எதற்கு இருக்கிறது?

பதில்: கையெழுத்தான தீர்ப்பை மாற்றக்கூடாது என்று சட்டம் வெளிப்படையாகத் தடுப்பதை, உள்ளார்ந்த அதிகாரத்தைக் கொண்டு செய்ய முடியாது என்று 1990-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் உங்கள் கோபத்தின் அடிப்படையை ஒப்புக்கொள்கிறேன். பிரிட்டனில் 1997 முதல் ஒரு தனி ஆணையம் இத்தகைய வழக்குகளை ஆராய்ந்து மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்புகிறது. இங்கே அப்படி ஓர் அமைப்பு இல்லை. 2018-இல் வந்த சட்ட ஆணையத்தின் 277-ஆவது அறிக்கைகூட, தவறாக வழக்குத் தொடரப்பட்டவருக்கு இழப்பீடு தருவதைப் பற்றித்தான் பேசியது.

கேள்வி: வழக்கறிஞர் வைக்கப் பணமில்லை.

பதில்: காவலில் உள்ள எவருக்கும் இலவசச் சட்ட உதவி உரிமை. சிறை வழியாகச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு விண்ணப்பியுங்கள்.

கேள்வி: சாட்சி மனம் மாறிவிட்டார். பாதுகாப்புக்காக எங்கள் வீட்டிலேயே தங்க வைத்திருக்கிறோம், சரிதானே?

பதில்: இன்றே அனுப்பிவிடுங்கள். குறுக்கு விசாரணையில் அவரிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, இத்தனை நாள் யார் வீட்டில் சாப்பிட்டீர்கள் என்பதாகத்தான் இருக்கும்.