மாமனார் தந்த பிளேடு செட்டிலேயே பழகலாமா?

கேள்வி: வயது 44. எட்டு மாதமாக கோல்ஃப் ஆடுகிறேன். ஹாண்டிகேப் (ஆட்டத் திறனின் அளவு, குறையக் குறைய நல்லது) 28. மாமனார் தன்னுடைய பழைய பிளேடு அயர்ன் (பின்புறம் குடையாத, சின்ன இரும்புத் தலை மட்டை) செட்டைப் பிரியமாகக் கொடுத்தார். பந்து சரியாகப் படாவிட்டால் முழங்கை வரைக்கும் சுரீர் என்கிறது, தூரமும் போவதில்லை. 'கஷ்டமான மட்டையில் பழகினால்தான் ஆட்டம் படியும்' என்கிறார்கள் உடன் ஆடுபவர்கள். ஃபர்கிவிங், அதாவது பிழையைப் பொறுக்கும் மட்டை வாங்கலாமா?
– கோவை வாசகர்

பதில்: தாராளமாக வாங்குங்கள். கஷ்டமான மட்டை தானாகவே பாடம் சொல்லிக்கொடுக்கும் என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. அடி தப்பியது என்று கை வலி சொல்லும். எந்தப் பக்கம் தப்பியது என்பதைப் புதியவரால் அதிலிருந்து பிரித்தறிய முடியாது. நாலு தடவை சுரீர் என்றதும் ஐந்தாவது அடிக்கு முன்பே பிடி இறுகிவிடும். பிடி இறுகினால் ஸ்விங் கெடும்.

பிழையைப் பொறுக்கும் மட்டை என்றால் என்ன? கயிற்றில் நடக்கும் கழைக்கூத்தாடி கையில் நீளமான கழி ஒன்றைக் குறுக்காகப் பிடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எடை இரு முனைகளுக்கும் விலகிப் பரவியிருப்பதால் அந்தக் கழி சட்டென்று திரும்பாது. மட்டைத் தலையும் அப்படித்தான். பிளேடில் இரும்பு நடுவில் திரண்டிருக்கும். பந்து ஓரத்தில் பட்டால் தலை திருகிக்கொள்ளும். கேவிட்டி பேக்கில் பின்புறத்தைக் குடைந்து, அந்த எடையை ஓரங்களுக்குத் தள்ளியிருப்பார்கள். ஜெனரல் எலக்ட்ரிக்கில் பொறியாளராக இருந்த கார்ஸ்டன் சோல்ஹைம் 1959இல் ஒரு புட்டரில் (பந்தைக் குழிக்கு உருட்டிவிடும் மட்டை) இதைச் செய்தார். 'பிங்' நிறுவனம் அப்படிப் பிறந்ததுதான்.

ஒன்றை மட்டும் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். பந்து மட்டை முகத்தில் ஓரமாகப் படுவதைத்தான் இது மன்னிக்கும். முகம் திறந்தபடி வந்து ஸ்லைஸ் ஆவதை, அதாவது பந்து பக்கவாட்டில் வளைந்து போவதை, எந்த மட்டையும் முழுதாகத் திருத்தாது, அது பயிற்சியாளரிடம் தீர வேண்டிய விஷயம்.

கடைக்குப் போகும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். ஒயிட்போர்டு மார்க்கரால் பந்தில் கொழுத்த புள்ளி ஒன்று வையுங்கள். அந்தப் புள்ளி மட்டையைப் பார்த்திருக்கும்படி பந்தை வைத்து, 7 அயர்னால் அடியுங்கள். மை அப்படியே முகத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு அடிக்கும் போனில் படம் எடுத்துவிட்டுத் துடைத்துவிடுங்கள். இருபது பந்து போதும்.

புள்ளிகள் முனையிலிருந்து குதிவரை (தண்டை ஒட்டிய பக்கம் குதி, எதிர்ப்பக்கம் முனை) சிதறிக் கிடந்தால், தலை பெரிதாகவும் அடிப்பாகம் அகலமாகவும் உள்ள 'கேம் இம்ப்ரூவ்மென்ட்' வகை கேவிட்டி பேக் உங்களுக்கானது. ஹாண்டிகேப் 28 என்பதால் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். எல்லாம் கீழ் விளிம்பை ஒட்டி விழுந்தாலும் அகலமான அடிப்பாகம் உதவும். பந்துக்குப் பின்னால் தரையில் பட்டால்கூட மட்டை புதையாமல் வழுக்கிக்கொண்டு போகும். சிதறாமல் குதியில் மட்டுமே அல்லது முனையில் மட்டுமே விழுந்தால், பணம் செலவழிக்காதீர்கள். பந்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறீர்கள், மட்டை நீளம் சரிதானா என்று முதலில் பாருங்கள். புள்ளிகள் எல்லாம் ஐந்து ரூபாய் நாணய அளவுக்குள் அடங்கும் காலம் வந்தால் சின்னத் தலைகளைப் பற்றி யோசிக்கலாம்.

சரி, எதெல்லாம் வாங்குவது? விதிப்படி 14 மட்டை வரை வைத்துக்கொள்ளலாம், ஆனால் இப்போது 12 போதும். 10.5 டிகிரி அல்லது அதற்கு மேல் லாஃப்ட் (முகத்தின் சாய்வு) உள்ள டிரைவர் (9 டிகிரி வேண்டாம்), 3 வுட்டுக்குப் பதில் 5 வுட், 4, 5 அயர்னுக்குப் பதில் அதே எண் ஹைப்ரிட்கள் (வுட்டும் அயர்னும் கலந்த மட்டை), 6 முதல் 9 வரை அயர்ன், மூன்று வெட்ஜ் (குறைந்த தூரத்துக்கான, சாய்வு அதிகமுள்ள மட்டை), ஒரு புட்டர். குறைந்த எண் கொண்ட நீள அயர்ன்களை விட்டுத்தள்ளுங்கள், புதியவர்களை வாட்டுவது அவைதான்.

கடையில் ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். புது 7 அயர்னில் அடித்துப் பார்த்ததும் பத்துப் பதினைந்து கெஜம் கூடுதலாகப் போகும், மனம் மயங்கும். பழைய 7 அயர்னின் லாஃப்ட் 34, 35 டிகிரி. இன்றைய கேம் இம்ப்ரூவ்மென்ட் செட்டில் பெரும்பாலும் 28 முதல் 30. சாய்வு குறைந்தால் தூரம் கூடும். அதாவது பழைய கணக்கில் ஐந்தாம் எண்ணுக்கு அருகில் நிற்கிறது. அந்தச் செட்டின் பிட்சிங் வெட்ஜும் 43, 44 டிகிரிக்கு இறங்கிவிடும். 56 டிகிரி சாண்ட் வெட்ஜுக்கும் அதற்கும் நடுவே தூரத்தில் பெரிய பள்ளம் விழும். அதை அடைக்கத்தான் 50 டிகிரி அளவில் மூன்றாவது வெட்ஜ்.

ஷாஃப்ட் (மட்டையின் தண்டு) விஷயத்தில், டிரைவர் ஸ்விங் வேகம் மணிக்கு 85 மைலுக்குக் கீழே என்றால் சீனியர் ஃபிளெக்ஸ் (அதிகம் வளையும் தண்டு), 95 வரை ரெகுலர் (அதைவிடச் சற்று விறைப்பானது) என்பது ஒரு தோராயக் கணக்கு. நிறுவனத்துக்கு நிறுவனம் இது மாறும், அடித்துப் பார்த்தே முடிவெடுங்கள். முழங்கை வலிக்கு கிராஃபைட் ஷாஃப்ட் நல்லது. வலி தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

நாலைந்து வருடப் பழைய செட் கிடைத்தால் யோசிக்காமல் எடுக்கலாம். அயர்ன் தலை அவ்வளவு சீக்கிரம் கெடாது. வெட்ஜின் முகத்தில் உள்ள கோடுகள் தேய்ந்திருக்கின்றனவா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். கிரிப் (கைப்பிடி உறை) மாற்றும் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், மாமனார் தந்த செட்டைக் கொடுத்துவிட வேண்டாம். அவருடைய 7 அயர்னை எடுத்துவைத்து, மாதம் ஒருமுறை பத்துப் பந்துக்கு மட்டும் மைப்புள்ளி வைத்து அரை ஸ்விங்கில் அடியுங்கள். முடிந்தால் அவரையும் அழைத்துப்போங்கள். புள்ளிகள் எங்கே விழுகின்றன என்பதை அவரே பார்க்கட்டும்.