அரசு கைவிட்ட பிறகும் அமெரிக்காவில் மதம் வளர்ந்தது எப்படி? பொருளாதார வளர்ச்சிக்கு அதுதான் காரணமா?

"அமெரிக்கா தொடக்கத்திலேயே அரசையும் மதத்தையும் பிரித்துவிட்டது. அப்படியிருந்தும் மதமும் வளர்ந்தது, பொருளாதாரமும் வளர்ந்தது. புராட்டஸ்டன்ட் உழைப்பு ஒழுக்கம்தான் காரணமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

உழைப்பு ஒழுக்கம் என்ற பதில் எனக்கு எப்போதும் அரைகுறையாகவே பட்டிருக்கிறது. விடியற்காலையில் எழுந்து உழைத்து, சிக்கனமாக வாழ்ந்து, வேதம் வாசித்த மக்கள் வடகிழக்கு அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் 1650இலேயே இருந்தார்கள். அப்போது வராத வேகம் 1820களில் ஏன் வந்தது? வங்கியில் கடன் பிரிவில் வேலை பார்ப்பவன் என்பதாலோ என்னவோ, இந்த விஷயத்தில் ஒழுக்கத்தைவிட நிறுவனங்கள்மீதுதான் என் கண் போகிறது.

முதலில், அந்தப் பிரிவினை ஒரே நாளில் நடந்ததல்ல. 1791இல் வந்த முதல் அரசியல் சட்டத் திருத்தம், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் கையை மட்டுமே கட்டியது. மாநிலங்களின் கையை அல்ல. கனெக்டிகட்டில் 1818 வரையிலும் மாசசூசெட்ஸில் 1833 வரையிலும் சபையைப் பராமரிக்க வரி உண்டு. அது பெரும்பாலும் அங்கே ஆதிக்கம் செலுத்திய காங்கிரிகேஷனல் சபைப் போதகருக்கே போய்ச் சேரும். பாப்டிஸ்ட் என்ற இன்னொரு புராட்டஸ்டன்ட் பிரிவைச் சேர்ந்தவர் விலக்குப் பெற வேண்டுமானால், தான் வேறு சபையைச் சேர்ந்தவர் என்று சான்றிதழ் கொண்டுவர வேண்டும். இந்த அவமானம்தான், நாட்டிலேயே பக்தி மிகுந்த கூட்டத்தை, எதிர்க்கட்சியான ஃபெடரலிஸ்ட் கட்சியின் பக்கம் நின்ற போதகர்கள் நாத்திகர் என்று தூற்றிய, 1801இல் அதிபரான தாமஸ் ஜெஃபர்சனின் பின்னால் நிறுத்தியது.

மாசசூசெட்ஸில் செஷயர் என்ற சிற்றூரின் பாப்டிஸ்டுகள், ஜான் லேலண்ட் என்ற போதகரின் தலைமையில், 1,235 பவுண்டு எடையுள்ள ஒரே பாலாடைக்கட்டியைச் செய்து ஜெஃபர்சனுக்குக் கொண்டுபோனார்கள். ஏறக்குறைய 560 கிலோ! ஃபெடரலிஸ்ட் வீட்டுப் பசுவின் பால் அதில் ஒரு சொட்டும் கலக்கவில்லை என்று பெருமை வேறு. 1802 ஜனவரி 1 அன்று அதை ஜெஃபர்சன் பெற்றுக்கொண்டார். அதே நாளில்தான், மதத்துக்கும் அரசுக்கும் நடுவே சுவர் இருப்பதாகச் சொல்லும் அந்தப் புகழ்பெற்ற கடிதத்தைக் கனெக்டிகட்டின் டான்பரி பாப்டிஸ்டுகளுக்கு எழுதினார். இரண்டு நாள் கழித்து, மக்கள் பிரதிநிதிகள் சபையின் அவையிலேயே லேலண்ட் பிரசங்கம் செய்ய, சுவரைப் பற்றி எழுதியவர் உட்கார்ந்து கேட்டார்.

வரிப்பணம் நின்றால் மதம் நலிந்துவிடும் என்று அஞ்சியவர்களில் கனெக்டிகட் போதகர் லைமன் பீச்சர் முக்கியமானவர். 1818இல் அந்த வரி நின்றபோது மனம் உடைந்து போனார். பின்னாளில் அவரே, கனெக்டிகட்டுக்கு வாய்த்த மிகப் பெரிய நன்மை அதுதான் என்று சொன்னார். உறுப்பினரைத் தேடிப் போக வேண்டிய கட்டாயம் எல்லாச் சபைகளுக்கும் வந்துவிட்டது. அதில் மெதடிஸ்ட் என்ற புராட்டஸ்டன்ட் பிரிவினர் மற்ற எல்லாரையும் முந்தினார்கள். குதிரையில் ஊர் ஊராகச் சுற்றும் அவர்களுடைய போதகருக்குக் கல்லூரிப் படிப்பு வேண்டியதில்லை. 1800க்கு முன் ஆண்டுச் சம்பளம் 64 டாலர். அமெரிக்க விடுதலைப் புரட்சிக் காலத்தில் சில ஆயிரம் பேராக இருந்த மெதடிஸ்டுகள் 1830இல் ஐந்து லட்சத்தை நெருங்கினார்கள்.

பொருளாதாரம் உள்ளே வருவது இந்த இடத்தில்தான். அரசை நம்ப முடியாத சபைகள் தாமே நிதி திரட்டவும், சொத்து வைத்துக்கொள்ளவும், தொலைதூரக் கிளைகளை நடத்தவும் கற்றுக்கொண்டன. நியூயார்க் மாநிலம் 1784இல், மதச் சபைகள் ஒவ்வொரு முறையும் சட்டமன்றத்தின் வாசலில் நிற்காமல் தாமே பதிவு செய்துகொள்ளப் பொதுச் சட்டம் இயற்றியது. அதே போன்ற வசதி உற்பத்தி ஆலைகளுக்கு 1811இல்தான் கிடைத்தது. டார்ட்மவுத் கல்லூரி வழக்கும் இப்படித்தான். காங்கிரிகேஷனல் அறங்காவலர்களிடமிருந்து கல்லூரியைப் பறிக்க நியூ ஹாம்ப்ஷயரின் ஜெஃபர்சன் கட்சியினர் சட்டம் போட்டார்கள். கல்லூரியை நிறுவிய சாசனம் ஓர் ஒப்பந்தம், மாநிலம் அதை மீற முடியாது என்று 1819இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிற்காலக் கம்பெனிகள் அந்தத் தீர்ப்பின் நிழலில் நிம்மதியாக வளர்ந்தன. (1816இல் யாழ்ப்பாணம் வந்து பள்ளிகள் தொடங்கிய அமெரிக்க மிஷனும் இதே காலத்து நியூ இங்கிலாந்துச் சபையாரின் நன்கொடையில் எழுந்ததுதான்.)

ஆனால் மதமும் வணிகமும் எப்போதும் கைகோத்து நடந்தன என்று நினைத்துவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமைத் தபாலைப் பாருங்கள். பென்சில்வேனியாவில் வாஷிங்டன் என்ற ஊரின் போஸ்ட்மாஸ்டர் ஹியூ வைலி, பிரெஸ்பிட்டேரியன் சபை மூப்பரும்கூட. ஞாயிற்றுக்கிழமை தபால் கொடுத்தார் என்பதற்காக அவரைத் திருவிருந்திலிருந்து விலக்கினார்கள். கொடுக்காவிட்டால் வேலை போகும், கொடுத்தால் சபை போகும். 1810இல் காங்கிரஸ், எல்லா நாளும் தபால் வழங்க வேண்டும் என்று சட்டம் போட்டது. ஓய்வுநாளைக் காக்க 1828இல் பெரிய சங்கமே தொடங்கி, மனுக்களைக் குவித்தார்கள். ராச்செஸ்டர் நகர வணிகர் ஜோசையா பிசெல், வாரத்தில் ஆறு நாள் மட்டும் ஓடும் குதிரை வண்டிச் சேவையையே நடத்திப் பார்த்தார். அது நீடிக்கவில்லை.

எதிர்த்தரப்பின் வாதம் அசல் வியாபார வாதம்: தபால் ஒரு நாள் நின்றால், பணக்காரன் தனிக் குதிரையில் ஆள் அனுப்பிச் சந்தை விலையை முன்கூட்டியே அறிந்துகொள்வான், ஏழை வியாபாரி ஏமாறுவான். எது கடவுளின் சட்டம் என்று தீர்மானிப்பது அரசின் வேலையல்ல என்று 1829இல் செனட்டர் ரிச்சர்ட் ஜான்சனின் குழு மனுக்களை நிராகரித்தது. ஓய்வுநாள் சங்கத்துக்கு எதிராக எழுதியவர்களில் பாலாடைக்கட்டி லேலண்டும் ஒருவர். எனக்கு அந்த மனிதரைப் பிடிப்பதற்கு இந்த மாறாத பிடிவாதமும் ஒரு காரணம்.

பிசெலின் ராச்செஸ்டர் எரி கால்வாயால் கொழுத்த ஊர். 1825இல் திறந்த 363 மைல் கால்வாய், பஃபலோவிலிருந்து நியூயார்க்குக்கு ஒரு டன் சரக்கின் கட்டணத்தைச் சுமார் 100 டாலரிலிருந்து 10 டாலருக்கும் கீழே இறக்கியது. வளர்ச்சிக்கு இதைவிட நேரடியான காரணம் வேண்டுமா? அங்கே 1830இல் சார்லஸ் ஃபின்னி என்ற போதகர் நடத்திய, பக்தியைத் தூண்டும் எழுப்புதல் கூட்டங்களில் ஆலை முதலாளிகளும் கடைக்காரர்களும் திரளாக மனந்திரும்பினார்கள். குடிக்காத, நேரத்துக்கு வரும் தொழிலாளி அவர்களுக்கு ஆன்மிகத் தேவையாகவும் இருந்தான், கணக்குப் புத்தகத்தின் தேவையாகவும் இருந்தான். செல்வம் முதலில் வந்தது, எழுப்புதல் பின்னால் வந்தது என்பதைக் கவனியுங்கள்.

என் தொழிலுக்கு நெருக்கமானவர் லூயிஸ் டாப்பன். ஃபின்னியை ஆதரித்த நியூயார்க் பட்டு வணிகக் குடும்பம். 1837 நிதி நெருக்கடியில் அவர்களுடைய வணிகம் நொடித்த பிறகு, 1841இல் வணிகர்களின் கடன் தகுதியை விசாரித்துச் சொல்லும் நிறுவனத்தைத் தொடங்கினார். ஊர்தோறும் வக்கீல்களும் மற்றவர்களும் எழுதி அனுப்பிய அறிக்கைகளில், ஆளின் சொத்தோடு அவன் குடிப்பானா, நாணயமானவனா என்பதும் இருக்கும். இன்றைய கடன் தரவரிசைக்கு அதுவும் ஒரு பாட்டன்.

இதே டாப்பன் அடிமை முறையை எதிர்த்ததற்காக 1834இல் நியூயார்க் கும்பல் ஒன்று அவர் வீட்டைச் சூறையாடி, மேசை நாற்காலிகளைத் தெருவில் போட்டுக் கொளுத்தியது. அன்று அந்நாட்டின் ஏற்றுமதியில் முதலிடம் பருத்திக்கு இருந்தது. பருத்தி என்றால் அடிமை உழைப்பு. உழைப்பு ஒழுக்கக் கதை சொல்பவர்கள் வழக்கமாகத் தாண்டிப் போகும் பக்கம் இது. மெதடிஸ்டுகள் 1784இல், உறுப்பினர்கள் தம் அடிமைகளை விடுவிக்க வேண்டும் என்று விதி செய்து, எதிர்ப்புக் கிளம்பியதும் சில மாதங்களிலேயே நிறுத்தி வைத்தார்கள். 1844இல் அதே பிரச்சினையில் சபை வடக்கு, தெற்கு என்று உடைந்தது. அதன் பிறகு, சபையின் பதிப்பகச் சொத்தில் தெற்குக்குப் பங்கு உண்டா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. தீர்ப்பு தெற்குக்குச் சாதகமாக வந்தது. பங்கைப் பிரித்துக் கொடுத்தார்கள்.