பேத்தியின் ஊர்

வணக்கம்.

நான் கோயமுத்தூரில் இருக்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. என் மகளும் மருமகனும் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர்கள். குழந்தை இல்லாததால் 2011ல் ரஷ்யாவில் பெர்ம் என்ற நகரத்துக் காப்பகத்திலிருந்து மூன்று வயதுப் பெண் குழந்தையைத் தத்தெடுத்தார்கள். வந்த புதிதில் நான் அங்கே போய் இருந்து பார்த்துக்கொண்டேன். எதைக் கொடுத்தாலும் துப்புவாள். பாலில் ரவையை வேகவைத்துச் சர்க்கரை போட்டுக் கொடுத்தால் மட்டும் கிண்ணத்தை வழித்துச் சாப்பிடுவாள். தலையணைக்கு அடியில் ரொட்டித் துண்டை ஒளித்து வைப்பாள், எறும்பு வருகிறதே என்று நான் எடுத்துக் குப்பையில் போட்டுவிடுவேன். இன்று கல்லூரிக்குப் போகும் வயது. நன்றாகத் தமிழ் பேசுவாள், என்மேல் உயிர்.

போன விடுமுறையில் வந்தபோது திடீரென்று, “பாட்டி, நான் எந்த ஊர்?” என்றாள். “இதுதான் கண்ணு உன் ஊர், கோயமுத்தூர்” என்றேன். ஒன்றும் பேசாமல் மாடிக்குப் போய்விட்டாள். அவளுடைய ரஷ்யப் பண்பாட்டை நான் தெரிந்துகொண்டு அவளுக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன். தமிழில் கிடைக்கும் ரஷ்ய நாவல்களில் எவற்றைப் படிக்கலாம்? போர் நடக்கும் நேரத்தில் அந்த நாட்டைப் பற்றிப் பெருமையாகச் சொல்வது சரியா? பெற்றவளைப் பற்றிய பேச்சை மட்டும் எடுக்கக்கூடாது என்று மகள் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள். என் பெயரைப் போட வேண்டாம்.

*

அன்புள்ள அம்மா,

தத்துப் பிள்ளைகளிடம் எதை மறைக்கிறோம், யாருக்காக மறைக்கிறோம் என்று கொஞ்ச நாளாகவே மனதுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன். அந்த நேரத்தில்தான் உங்கள் கடிதம் வந்தது.

முதலில் அந்த ரவை. ரஷ்யாவில் சின்னக் குழந்தைகளுக்குக் காலையில் பாலில் ரவையை வேகவைத்து, சர்க்கரை கலந்து, மேலே ஒரு துண்டு வெண்ணெய் வைத்துக் கொடுப்பார்கள். மான்னயா காஷா என்று பெயர். வீடு, மழலையர் பள்ளி, காப்பகம் எல்லா இடத்திலும் அதுதான். உங்கள் பேத்திக்கு முகம் புதிது, பாஷை புதிது, சுவரின் நிறம்கூடப் புதிது. அந்தக் கிண்ணம் ஒன்றுதான் பழகியது. நீங்கள் தெரியாமல்தான் செய்தீர்கள். ஆனால் அந்தப் பிள்ளை புது வீட்டில் உயிர் பிடித்து நின்றதில் உங்கள் கைக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

ரொட்டியை எடுத்துக் குப்பையில் போட்டீர்களே, அதை என்னால் அப்படி எடுத்துக்கொள்ள முடியவில்லை. காப்பகத்தில் வளர்ந்த குழந்தைகள் பலர் சாப்பாட்டை ஒளித்து வைப்பார்கள். அடுத்த வேளை வரும் என்ற நம்பிக்கை அவர்களுக்கு இன்னும் வந்திருக்காது. மேலும், அந்த நாட்டில் ரொட்டியைக் குப்பையில் போடுவது சாதாரணக் காரியம் அல்ல. இரண்டாம் உலகப் போரில், 1941 கடைசியில், ஜெர்மன் படையின் முற்றுகையில் சிக்கிய லெனின்கிராடில் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்), குழந்தைகளுக்கு ஒரு நாளைக்குக் கிடைத்தது 125 கிராம் ரொட்டி. அந்தப் போரைப் பார்த்த தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்த முதல் பாடம், ரொட்டியை வீணாக்காதே என்பது. உங்கள் பேத்தியை மூன்று வயது வரை குளிப்பாட்டித் துடைத்த ஆயாக்கள் அப்படி வளர்ந்தவர்களாக இருக்கலாம். எறும்பு வந்தால் வரட்டும் என்று நீங்கள் விட்டிருக்க வேண்டும்.

நாவல் பட்டியல் கேட்கிறீர்கள். தரமாட்டேன். உங்கள் வயதுக்காரர்களும் என் வயதுக்காரர்களும் ரஷ்யாவைப் பார்த்தது மாஸ்கோவில் அச்சாகி வந்த தமிழ்ப் புத்தகங்களின் வழியாக. முன்னேற்றப் பதிப்பகம், ராதுகா பதிப்பகம். கெட்டி அட்டை, வழவழப்பான தாள், விலை நம் ஊர்ப் புத்தகத்தைவிடக் குறைவு. புத்தக வேன் வந்து நின்றால் அரை நாள் அதைச் சுற்றியே நிற்போம். 1991ல் சோவியத் யூனியன் உடைந்ததும் அந்த வரத்தும் நின்றது. நம் மனதில் இருக்கும் ரஷ்யாவும் அத்தோடு நின்றுவிட்டது. பனி, பிர்ச் மரம், தேநீருக்கு வெந்நீர் கொதிக்கும் சமோவார், பிரபுக்கள், புரட்சி. உங்கள் பேத்தி பிறந்தது அந்த ரஷ்யாவில் அல்ல. ஆலைகள் மாதக்கணக்கில் சம்பளம் கொடுக்காமல் இழுத்தடித்த, 1998ல் ரூபிள் சரிந்து விழுந்த, குடி வீடு வீடாகப் புகுந்த காலத்தில் வளர்ந்த ஒரு தலைமுறையின் பிள்ளை அவள். அங்கே காப்பகங்களில் இருந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார்கள். நீதிமன்றம் பெற்றோர் உரிமையைப் பறித்திருக்கும், அல்லது பிரசவ ஆஸ்பத்திரியிலேயே தாய் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருப்பாள். சமூக அனாதைகள் என்று அங்கே சொல்வார்கள். அவளைப் பெற்றவள் இன்று உயிரோடு இருக்கலாம். உங்கள் மகளைவிட இளையவளாகக்கூட இருக்கலாம்.

அம்மா, அவள் கேட்டது ஊரைப் பற்றி. நீங்கள் நாட்டைப் பற்றிப் படித்துச் சொல்லப் போகிறேன் என்கிறீர்கள். நம்மிடம் யாராவது “எந்த ஊர்?” என்று கேட்டால் இந்தியப் பண்பாட்டைப் பற்றியா பேசுவோம்? ஆறு எது, எந்தத் தெரு, எந்தக் கோயில், அங்கே என்ன தின்பார்கள் என்பதைத்தானே சொல்வோம். அவளுக்கும் அது வேண்டும். அவளுக்கு ஊர் இருக்கிறது. உங்கள் கடிதத்தில் நீங்களே அதன் பெயரை எழுதியிருக்கிறீர்கள்.

பெர்ம், யூரல் மலைகளுக்கு மேற்கே, காமா என்ற பெரிய ஆற்றின் கரையில் இருக்கிறது. அந்த ஆறு வோல்காவில் போய்ச் சேரும். மாஸ்கோவிலிருந்து சைபீரியாவுக்குப் போகும் ரயிலில் ஏறினால் 1,400 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும், கடிகாரத்தை இரண்டு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்க வேண்டும். பீரங்கி வார்த்த ஊர். மோத்தோவிலிகா என்ற பகுதியே அந்தப் பீரங்கி ஆலையைச் சுற்றி வளர்ந்ததுதான். 1940லிருந்து 1957 வரை ஊருக்கே மோலோத்தவ் என்று ஓர் அரசியல்வாதியின் பெயரை வைத்திருந்தார்கள். ஆயுத ஆலைகள் இருந்ததால் சோவியத் காலத்தில் வெளிநாட்டுக்காரர்கள் உள்ளே நுழைய முடியாது. 1841ல் அந்தப் பக்கத்துப் பாறைகளை ஆராய்ந்த மர்ச்சிசன் என்ற பிரிட்டிஷ் நிலவியலாளர் பூமியின் ஒரு காலகட்டத்துக்கே பெர்மியன் என்று பெயர் வைத்தார். உங்கள் பேத்தி கல்லூரியில் நிலவியல் வகுப்புக்குப் போனால் பாடப் புத்தகத்தில் அவள் ஊர்ப் பெயர் இருக்கும். அதைச் சொல்லி அவளுக்கு யாராவது காட்டியிருக்கிறார்களா?

பெர்ம் கலைக்கூடத்தில் மரச் சிற்பங்கள் இருக்கின்றன. கிராமத்துத் தேவாலயங்களிலிருந்து சேகரித்தவை. அதில் சிறையில் இருக்கும் கிறிஸ்து ஒருவர், சிலுவை இல்லை, கன்னத்தருகே கையை வைத்தபடி சோர்ந்து உட்கார்ந்திருப்பார். அந்தச் சிற்பங்களில் சிலவற்றுக்கு உள்ளூர்க்காரர்களின் முகம், அகன்ற கன்ன எலும்பு. ஏனென்றால் அந்தப் பகுதியில் ரஷ்யர்கள் மட்டும் இல்லை. கோமி-பெர்மியாக்குகள், தாத்தார்கள், பாஷ்கிர்கள் எல்லோரும் உண்டு. உங்கள் பேத்தி அவர்களில் யாராகவும் இருக்கலாம். நீங்கள் பாட்டுக்கு ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கும் மத்ரியோஷ்கா பொம்மையை வாங்கிக் கொடுத்து “இதுதான் உன் பண்பாடு” என்று சொன்னால், அதுவும் அவளுடையது இல்லாமல் போகலாம். சாப்பாடு என்றால் அங்கே பொசிகுஞ்சிகி என்று ஒன்று. சின்னச் சோமாசி வடிவத்தில் உள்ளே கறி வைத்து எண்ணெயில் பொரிப்பது. கடித்தால் சாறு தெறிக்கும், கடுகுச் சாந்தில் தொட்டுச் சாப்பிடுவார்கள். சோமாசி பிடிக்கத் தெரிந்த கைக்கு இது கஷ்டமே இல்லை. அவள் வரும்போது செய்யுங்கள், இருவரும் சேர்ந்து செய்யுங்கள்.

போரைப் பற்றிய கேள்விக்கு அதிகம் சொல்ல விரும்பவில்லை. ஊர் வேறு, அரசாங்கம் வேறு. அந்த அரசாங்கம் குழந்தைகளை என்ன செய்தது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். அமெரிக்கா ரஷ்ய அதிகாரிகள் மேல் தடை விதித்ததும், பதிலடியாக 2012 டிசம்பர் 28ல் ஒரு சட்டத்தில் புதின் கையெழுத்திட்டார். 2013 ஜனவரி 1 முதல் அமெரிக்கர்கள் ரஷ்யக் குழந்தைகளைத் தத்தெடுக்க முடியாது. அமெரிக்காவில் வெயிலில் காருக்குள் விடப்பட்டு இறந்துபோன திமா யாக்கவ்லெவ் என்ற தத்துக் குழந்தையின் பெயரால் அந்தச் சட்டத்தை அழைத்தார்கள். புதுப் பெற்றோரைப் பார்த்து, பழகி, அவர்கள் வந்து கூட்டிப்போவார்கள் என்று காத்திருந்த குழந்தைகளும் அதில் மாட்டிக்கொண்டார்கள். உங்கள் மகள் இரண்டு வருடம் தள்ளிப் போட்டிருந்தால் இந்தப் பேத்தி உங்களுக்குக் கிடையாது. 2023ல் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் புதின் மேல் பிடியாணை போட்டதும் உக்ரைன் குழந்தைகளைச் சட்டவிரோதமாக நாடு கடத்திய குற்றச்சாட்டில்தான். இதற்கெல்லாம் உங்கள் பேத்தி பொறுப்பில்லை. அவளிடம் காமா ஆற்றைப் பற்றிப் பேசக் கூச்சப்படாதீர்கள்.

சரி, உங்கள் மகளின் கண்டிப்புக்கு வருகிறேன். என்னை இந்தப் பதிலை எழுத வைத்ததே அதுதான்.

என் அம்மா தன் கடைசிப் பிள்ளையை, பிள்ளை இல்லாத தன் அக்காவுக்குக் கொடுத்தாள். அந்தக் காலத்தில் காகிதம் கிடையாது, மடியில் போட்டால் தத்து. தம்பி அடுத்த தெருவில் வளர்ந்தான். ஊருக்கே தெரியும், அவனைத் தவிர. எங்கள் வீட்டுக்கு வந்தால் அம்மாவை “சித்தி” என்பான். அம்மா அவன் தட்டில் இன்னொரு முட்டையை வைத்துவிட்டு அடுப்பங்கரைக்குள் போய்விடுவாள். அம்மா இறந்த அன்று அவன் வாசலில் பந்தலுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். முப்பதைத் தாண்டிய வயது. வாய்க்கரிசி போடப் பிள்ளைகளைக் கூப்பிட்டார்கள். ஒரு கிழவி சத்தமாகச் சொன்னாள்: “கடைசியாப் பெத்த புள்ள அங்க நிக்கிறான், அவனையும் கூப்பிடுங்கப்பா.” கயிறு கையில் இருக்க, எங்கள் முகம் ஒவ்வொன்றாகப் பார்த்தான். யாரும் இல்லை என்று சொல்லவில்லை. வந்து அரிசியைப் போட்டான். அதற்கப்புறம் பல வருடம் பெரியம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கொடுத்ததில் அவனுக்குக் கோபம் இல்லை. “கடைசி வரைக்கும் சித்தின்னே கூப்பிட வச்சிட்டீங்களே” என்பதுதான் அவன் சொன்னது. போன மாதம் பெரியம்மாவும் போய்விட்டாள். அவன்தான் கொள்ளி வைத்தான்.

ரஷ்யாவில் இந்த மறைப்பு சட்டமாகவே இருக்கிறது. தத்து ரகசியத்தை வெளியில் சொன்னால் குற்றம். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் பிறந்த தேதியை மூன்று மாதம் வரை மாற்றிக்கொள்ளக்கூட இடம் உண்டு. வயிற்றில் தலையணை கட்டிக்கொண்டு கர்ப்பிணியாக நடித்த தாய்மார்கள் அங்கே உண்டு. பெற்றவர்கள் பயப்படுவது புரிகிறது அம்மா. ஆனால் அந்தப் பயத்துக்கு விலை கொடுப்பது பிள்ளை. உங்கள் மகள் நல்ல தாய், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் பெற்றவளைப் பற்றிப் பேசக்கூடாது என்று ஒரு வீட்டில் சட்டம் போட்டால், அந்தப் பிள்ளை தன் பிறப்பில் ஏதோ அசிங்கம் இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ளும். நீங்கள் கோயமுத்தூர் என்று சொன்னதும் அவள் மாடிக்குப் போனாளே, பாட்டிகூட உண்மையைச் சொல்ல மாட்டாள் என்று தெரிந்துகொண்டுதான் போனாள்.

உங்கள் மகளிடம் ரஷ்ய நீதிமன்றத்தின் தத்துத் தீர்ப்பு இருக்கும். அந்தக் காகிதம் இல்லாமல் குழந்தையை விமானத்தில் ஏற்றியிருக்க முடியாது. அதில் பிள்ளையின் முதல் பெயர், தகப்பன் வழிப் பெயர், பெரும்பாலும் பெற்றவளின் பெயரும் இருக்கும். தகப்பன் யாரென்று தெரியாத இடத்தில் தாய் சொன்ன ஏதோ ஒரு பெயரை எழுதியிருப்பார்கள். அதையும் அவள் தெரிந்துகொள்ளட்டும். அவளுக்கு ரஷ்யக் குடியுரிமையும் இன்னும் இருக்கும். பதினெட்டு முடிந்ததும் அவளாகவே தேடுவாள். அமெரிக்காவில் வளர்ந்த ரஷ்யத் தத்துப் பிள்ளைகள் பலர் ரஷ்ய சமூக வலைத்தளங்களில் பெயரைத் தட்டித் தாயையும் கூடப்பிறந்தவர்களையும் கண்டுபிடித்திருக்கிறார்கள். சிலருக்கு நல்ல செய்தி, சிலருக்குக் கல்லறை. எதுவானாலும் அந்த நேரத்தில் பக்கத்தில் நீங்களும் உங்கள் மகளும் இருக்க வேண்டும். ஒளித்து வைத்தால் தனியாகத் தேடுவாள்.

மகளைத் தாண்டி நீங்களாக எதையும் பேத்தியிடம் சொல்லிவிடாதீர்கள், அது வேறொரு முறிவில் முடியும். முதலில் மகளிடம் பேசுங்கள். இந்தப் பதிலைக் காட்டுங்கள். கோபம் வந்தால் எனக்கு எழுதச் சொல்லுங்கள், அவருக்குத் தனியாகப் பதில் போடுகிறேன்.

அன்புடன்.