வளவில் வைத்து எடுக்க எந்தப் போன்?

கேள்வி: தை மாதம் அப்பாவுக்குச் சாந்தி (வயது நிறைவு விசேஷம்). கானாடுகாத்தானில் எங்கள் பூர்வீக வீட்டில் வைத்துச் செய்கிறோம். போட்டோகிராபர் தனியாக வருகிறார். ஆனால் சிங்கப்பூரில் இருக்கும் தம்பிக்கு லீவு கிடைக்கவில்லை. அவனுக்காக நானே வீடியோ எடுத்து அன்றைக்கே அனுப்ப ஆசை. இப்போதுள்ள போனில் வீட்டுக்குள் எடுத்தால் முகமே தெரிவதில்லை. 25,000 ரூபாய் வரை போடலாம். காரைக்குடியில் ஒரு கடையில் கேட்டேன். "இதுல 108 மெகாபிக்சல் இருக்கு, தைரியமா எடுங்கக்கா" என்கிறார் கடைத் தம்பி. எடுக்கலாமா?
– தேவகோட்டை வாசகி

பதில்: அந்த 108-ஐ முதலில் ஒதுக்கி வையுங்கள். அப்படிப்பட்ட கேமரா, வழக்கமாக ஒன்பது ஒன்பது புள்ளிகளைச் சேர்த்து ஒன்றாக்கி, 12 மெகாபிக்சல் படமாகத்தான் தருகிறது. 50 மெகாபிக்சல் கேமராவும் நான்கு நான்காகச் சேர்த்துக் கிட்டத்தட்ட அதே அளவுக்குத்தான் வந்து நிற்கும். வீடியோவுக்கு அதுவும் வேண்டாம். 4கே வீடியோவின் ஒரு பிரேமில் இருப்பது 8 மெகாபிக்சலுக்குச் சற்று மேல். ஃபுல் எச்டியில் 2 மெகாபிக்சல். ஆக, தம்பிக்கு நீங்கள் அனுப்பப்போகும் காட்சியில் 108-க்கு வேலையே இல்லை.

நீங்கள் கேட்க வேண்டியது சென்சாரின் அளவு. அதை 1/1.56 அங்குலம், 1/2.76 அங்குலம் என்று எழுதியிருப்பார்கள். கீழே இருக்கும் எண் சிறியதாக இருந்தால் சென்சார் பெரியது, உள்ளே வரும் வெளிச்சமும் அதிகம். அடுத்தது ஓஐஎஸ். கை ஆடும்போது லென்ஸே எதிர்ப்பக்கம் அசைந்து ஈடுகட்டும் ஏற்பாடு அது. மென்பொருளால் மட்டும் ஆட்டத்தைக் குறைக்கும் போன்கள் வெயிலில் நன்றாகத்தான் எடுக்கும். வெளிச்சம் குறைந்தால் படம் கலங்கிவிடும். உங்கள் விலைக்குள் இந்த இரண்டும் இருக்கிற போனைத் தேடுங்கள். கூடவே ஒட்டிவைத்திருக்கும் 2 மெகாபிக்சல் மேக்ரோ கேமராவுக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகத் தர வேண்டாம்.

இனி உங்கள் வீட்டு விஷயம். நம் ஊர் வீடுகள் கேமராவுக்குக் கடினமான இடம். வளவு என்கிற உள்கட்டின் நடுவே, முற்றத்தில், வானம் திறந்து கிடக்கிறது. சுற்றியுள்ள பத்தி, அதாவது தாழ்வாரம், நிழலில் இருக்கிறது. பத்தியில் உட்கார்ந்திருக்கும் அப்பாவை முற்றத்து வெளிச்சம் பின்னால் விழும்படி எடுத்தால், போன் அந்த வெளிச்சத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டு முகத்தைக் கறுப்பாக்கிவிடும். இப்போது உங்களுக்கு முகம் தெரியாமல் போவதற்கு இதுதான் காரணமாக இருக்கும். போன வருடம் எங்கள் உறவில் ஒரு கல்யாணத்தை நான் எடுத்தபோதும் இப்படித்தான் ஆனது. தாலி கட்டும் நேரத்தில் பின்னால் முற்றம் பளீரென்று வந்திருக்கிறது, பொண்ணு மாப்பிள்ளை இருவரும் நிழலாக நிற்கிறார்கள். அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை. அதனால்தான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

கடையிலேயே இதைச் சோதித்துவிடலாம். டெமோ போனை வாங்கிக்கொண்டு கடையின் உள்பக்கம் போங்கள். வாசலுக்கு முதுகு காட்டிக் கூட வந்தவரை நிற்க வையுங்கள். பின்னால் தெரு வெயில், முன்னால் நிழல்: வளவு மாதிரியேதான். வீடியோவை ஓடவிட்டு, திரையில் அவர் முகத்தை ஒரு தடவை தொடுங்கள். முகம் வெளுக்க எவ்வளவு நேரம் ஆகிறது? வெளிச்சம் படிப்படியாக மாறுகிறதா, குபீரென்று குதிக்கிறதா? முகத்தின் மேலேயே விரலை அழுத்திப் பிடித்தால் போகஸும் வெளிச்சமும் அங்கேயே பூட்டிக்கொள்ள வேண்டும். பக்கத்தில் ஒரு சூரியன் குறி வரும், அதை மேலும் கீழும் இழுத்து வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கலாம். சில போன்களில் போட்டோவுக்கு இது வேலை செய்யும், வீடியோ ஓடும்போது செய்யாது. அப்படிப்பட்ட போன் உங்களுக்கு வேண்டாம். தொடுதிரைப் போனில் கேமராவின் கடிவாளமே அந்த ஒரு விரலில்தான் இருக்கிறது.

அப்புறம் 4கேயில் வைத்துக்கொண்டு கடைக்குள் பத்து அடி நடந்து எடுத்துப் பாருங்கள். ஃபுல் எச்டியில் ஆடாமல் எடுத்துவிட்டு 4கேயில் ஆடுகிற போன்களும் உண்டு. கடை விளக்கின் கீழ் எடுத்ததில் கறுப்புக் கறுப்பாகப் பட்டை ஓடுகிறதா என்றும் பாருங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். எல்இடி விளக்குகள் பல அதற்கேற்பத் துடிக்கும். போனில் ஷட்டரை (ஒவ்வொரு பிரேமுக்கும் வெளிச்சம் விழும் நேரத்தை) 1/50 அல்லது 1/100 நொடிக்கு மாற்ற வழியிருந்தால் அந்தப் பட்டை போய்விடும். விசேஷ வீட்டில் சீரியல் லைட் கட்டாமல் விடமாட்டார்கள், ஆகவே இதை மறக்க வேண்டாம்.

முடிந்தால் ஒரு கண்டாங்கிச் சேலை கட்டிக்கொண்டு கடைக்குப் போங்கள், விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அரக்குச் சிவப்பையும் கடுகு மஞ்சளையும் கண்ணைப் பறிக்கிற நிறமாக மாற்றிவிடும் போன்கள் நிறைய இருக்கின்றன. எடுத்த படத்தையும் சேலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும் இப்படித்தான் கெட்டுப்போகும்.

திரையையும் ஒரு கை பாருங்கள். ஏதாவது ஒரு ஆப்பின் படத்தை விரலால் அழுத்தி, திரை முழுவதும் மூலை முடுக்கெல்லாம் இழுத்துக்கொண்டே போங்கள். நடுவில் எங்காவது அந்தப் படம் விரலிலிருந்து நழுவினால் அந்த இடத்தில் தொடுஉணர்வு சரியில்லை. இதைக் கடைசியில் வாங்கும் புதுப் போனிலும் செய்துவிட்டுத்தான் பில் போடச் சொல்ல வேண்டும். வாசலுக்கு வந்து நடுவெயிலில் திரை தெரிகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். விரலில் சந்தனமோ தண்ணீரோ இருந்தால் எந்தத் தொடுதிரையும் தடுமாறும். அன்றைக்கு உங்கள் கை சும்மாவா இருக்கும்? வால்யூம் பட்டனை அழுத்தினாலே வீடியோ தொடங்கும்படி செட்டிங்கில் மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

இடம்: ஒரு நிமிட 4கே காட்சி, போனைப் பொறுத்து, 170 எம்பியிலிருந்து 400 எம்பி வரை பிடிக்கும். ஒரு மணி நேரத்துக்கு 10 ஜிபி முதல் 20 ஜிபிக்கு மேல். 128 ஜிபி போனில் சிஸ்டமே ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். ஆகவே 256 ஜிபி பாருங்கள். கலசாபிஷேகத்தை 4கேயில் எடுங்கள், பந்தி, வரவேற்பு எல்லாம் ஃபுல் எச்டி போதும். ஒரேயடியாக எடுக்காமல் ஐந்து, பத்து நிமிடத் துண்டுகளாக எடுங்கள். நீளமாக ஓடவிட்டால் போன் சூடேறித் தானாக நின்றுவிடும் அபாயம் உண்டு. நாகஸ்வரத்துக்கு மிக அருகில் நின்றால் சத்தம் உடைந்து பதிவாகும், பத்தடி தள்ளி நில்லுங்கள்.

தம்பிக்கு அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாகப் போட்டால் அது சுருக்கித் தரத்தைக் குறைத்துவிடும். 'டாக்குமெண்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் எடுத்தபடியே போகும். 2 ஜிபி வரை அனுமதி உண்டு.

மாடல் பெயர் சொல்லவில்லையே என்று நினைக்காதீர்கள். நான் இன்று சொல்கிற மாடல் தைக்குள் கடையில் இல்லாமல் போகலாம், விலையும் மாறிவிடும். ஒரு மாதம் முன்பே வாங்கிவிடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கானாடுகாத்தான் வீட்டுக்குப் போய், விசேஷம் நடக்கிற அதே நேரத்தில் அப்பாவைப் பத்தியில் உட்கார வைத்து எடுத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் நின்றால் முகம் நன்றாக விழுகிறது என்று அன்றைக்கே தெரிந்துவிடும். முற்றம் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி நிற்க இடம் கிடைத்தால், பாதி வேலை முடிந்தது.

கேள்வி: இணையத்தில் 18,000 ரூபாய்க்குப் போன் வாங்கினேன். பன்னிரண்டாம் நாளிலிருந்து தொடாமலேயே திரை தானாக வேலை செய்கிறது. விற்றவர்கள் "மாற்றித் தரும் நாள் முடிந்துவிட்டது, சர்வீஸுக்குப் போங்கள்" என்கிறார்கள். சர்வீஸில் இரண்டு முறை கொடுத்தும் சரியாகவில்லை. விற்றவர் ஊரில் போய்த்தான் வழக்குப் போட வேண்டுமா?
– பள்ளத்தூர் வாசகர்

பதில்: வேண்டாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். உங்களுக்குச் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும்.

அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். பல விஷயங்கள் அங்கேயே முடிந்துவிடுகின்றன. திரை தானாக ஓடுவதை இன்னொரு போனில் வீடியோ எடுங்கள். பில்லையும், இரண்டு முறை சர்வீஸில் கொடுத்த ஜாப் ஷீட்டையும் (பழுது விவரம் எழுதிய சீட்டு) பத்திரப்படுத்துங்கள். ஒருவேளை ஜாப் ஷீட் தராமல் வாய்வார்த்தையாகப் போனைத் திருப்பிக் கொடுத்திருந்தால், நாளைக்கே போய் இரண்டு தேதிகளையும் எழுதி வாங்குங்கள்.