போடாக்ஸ் 20 யூனிட், டிஸ்போர்ட் 50 யூனிட்: எதைப் போட்டுக்கொள்வது?

கேள்வி: எனக்கு 47 வயது. கோவையில் ஆசிரியையாக இருக்கிறேன். இரு புருவத்துக்கும் நடுவே செங்குத்தாக இரண்டு கோடுகள் விழுந்துவிட்டன. சும்மா உட்கார்ந்திருந்தாலும் "ஏன் மிஸ் கோபமா இருக்கீங்க" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். தை மாதக் கடைசியில் மகளுக்குக் கல்யாணம். கோட்டைக் குறைக்கும் ஊசிக்காக மூன்று இடத்தில் விசாரித்தேன். ஒரு ஸ்கின் கிளினிக்கில் போடாக்ஸ் 20 யூனிட், யூனிட்டுக்கு 400 ரூபாய் என்றார்கள். இன்னொரு டாக்டர் டிஸ்போர்ட் 50 யூனிட், யூனிட்டுக்கு 150 ரூபாய் என்றார். மூன்றாவதாக ஒரு பியூட்டி சென்டர், "முழு முகம் போடாக்ஸ் 4,999 ரூபாய்" என்று பேக்கேஜ் சொல்கிறார்கள். நெற்றி, கண்ணோரம், மூக்கிலிருந்து வாயோரம் இறங்கும் மடிப்பு எல்லாமே போய்விடுமாம். 50 யூனிட் என்பது டோஸ் அதிகமில்லையா? எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: மூன்றாவதை இப்போதே மறந்துவிடுங்கள். ஏன் என்று கணக்குப் போட்டே காட்டுகிறேன். போடாக்ஸுக்கு அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அங்கீகரித்த அளவு புருவ நடுவுக்கு 20 யூனிட், நெற்றிக்கு 20, இரண்டு கண்ணோரத்துக்கும் சேர்த்து 24. ஆக மொத்தம் 64 யூனிட். உங்களுக்கு முதல் கிளினிக் சொன்ன விலையில் இது 25,600 ரூபாய் ஆகிறது. 4,999 ரூபாயை 64-ஆல் வகுத்தால் யூனிட் 78 ரூபாய். டாக்டர் கட்டணம், ஊசி, இடம் எல்லாம் போக அந்தக் காசில் மருந்து எங்கிருந்து வரும்? ஒன்று, மருந்தைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டியிருப்பார்கள். இல்லையென்றால் அந்த மருந்தே வேறு ஏதோ. அதோடு, வாயோர மடிப்பு போடாக்ஸில் போகும் என்று ஒருவர் சொன்னால் அவருக்கு இந்த ஊசி எப்படி வேலை செய்கிறது என்றே தெரியவில்லை என்று அர்த்தம். அப்படிப்பட்டவர் கையில் முகத்தைக் கொடுக்க வேண்டாம்.

அடுத்து, உங்களைக் குழப்பிய அந்த 20-க்கும் 50-க்கும் வருவோம். இரண்டும் ஏறக்குறைய ஒரே வேலையைச் செய்யும் அளவுகள்தான். பூக்காரம்மா அவரவர் கையால் முழம் போடுவதைப் போல, ஒவ்வொரு கம்பெனியும் தன் மருந்தின் வீரியத்தைத் தன்னுடைய சோதனை முறையில் அளந்து யூனிட் போடுகிறது. ஒரு கம்பெனியின் யூனிட் இன்னொன்றின் யூனிட் ஆகாது. புருவ நடுவுக்கு போடாக்ஸ் 20 யூனிட் என்றால் டிஸ்போர்ட் 50 யூனிட். இரண்டையும் ஐந்து இடத்தில் பிரித்துப் போடுவது வழக்கம், போடாக்ஸ் இடத்துக்கு 4, டிஸ்போர்ட் இடத்துக்கு 10. அதனால் "யூனிட் 400", "யூனிட் 150" என்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்றும் புரியாது. மொத்தத்தைப் பாருங்கள்: ஒன்று 8,000, இன்னொன்று 7,500. வித்தியாசம் 500 ரூபாய். கல்யாண வீட்டுச் செலவில் இது ஒரு பொருட்டே இல்லை, இதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

சரி, மருந்து என்ன செய்கிறது? போட்டுலினம் டாக்ஸின் ஏ என்ற புரதம், நரம்பிலிருந்து தசைக்குப் போகும் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் வெளியே வராமல் தடுக்கிறது. தகவல் வராததால் தசை சுருங்குவதில்லை; தசை இழுக்காததால் மேலே தோல் மடியாது. நாம் முகம் சுளிக்கும்போதும் வெயிலில் கண்ணைச் சுருக்கும்போதும் விழும் கோடுகளுக்குத்தான் இது. கண்ணாடி முன் நின்று நன்றாகப் புருவத்தைச் சுளித்துப் பாருங்கள், பிறகு முகத்தைத் தளர விடுங்கள். தளரவிட்டதும் கோடு கிட்டத்தட்ட மறைந்தால் ஊசி நன்றாக வேலை செய்யும். தளரவிட்ட பிறகும் கோடு பதிந்தே இருந்தால், அது ஓரளவு மங்கும், முழுக்கப் போகாது. இரண்டு மூன்று முறை போட்டபின் இன்னும் குறையலாம். உங்களுக்குச் சும்மா இருக்கும்போதே தெரிகிறது என்கிறீர்கள், அதனால் கல்யாணத்துக்குள் மொத்தமும் துடைத்ததுபோல் ஆகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் அந்தக் கோபப் பார்வை குறையும், அதை நிச்சயமாக எதிர்பார்க்கலாம்.

வாயோர மடிப்பு வேறு கதை. கன்னத்தின் கொழுப்பும் எலும்பும் வயதோடு குறைந்து, தோல் தொய்ந்து இறங்குவதால் வருவது அது. அங்கே தசையைத் தளரவிட்டால் சிரிப்பு கோணலாகும் ஆபத்துதான் மிச்சம். அதற்கு ஃபில்லர் போடுவார்கள், பெரும்பாலும் ஹையலூரானிக் ஆசிட் ஜெல். அது பள்ளத்தை நிரப்பும் பொருள், தசையைத் தொடாது. ஃபில்லர் தவறுதலாக ரத்தக் குழாய்க்குள் போனால் தோல் கருகலாம், அரிதாகப் பார்வையே போகலாம். அதைக் கரைக்கும் ஹையலூரானிடேஸ் மருந்தைக் கையில் வைத்திருக்காத இடத்தில் ஃபில்லர் போட்டுக்கொள்ளவே கூடாது. நீங்கள் கல்யாணத்துக்கு முன் இதில் இறங்க வேண்டாம் என்பது என் கருத்து. கன்னத்தில் வெயிலால் விழுந்த மெல்லிய வரிகளுக்கும் இந்த ஊசி உதவாது. அங்கே சன்ஸ்கிரீனும், டாக்டர் சொன்னால் இரவில் டிரெட்டினாயின் கிரீமும்தான்.

"இது விஷமாச்சே" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அளவு தெரிந்து போட்டால் மருந்து. சான் பிரான்சிஸ்கோவின் கண் டாக்டர் ஆலன் ஸ்காட் இதை மாறுகண்ணுக்குத்தான் முதலில் கொண்டுவந்தார். 1989-இல் மாறுகண்ணுக்கும் கண் இமை துடிப்புக்கும் எஃப்டிஏ அனுமதி கிடைத்தது. வான்கூவரில் கண் டாக்டர் ஜீன் கருதர்ஸ், இமைத் துடிப்புக்கு ஊசி போட்டவர்களின் புருவக் கோடு மறைவதைக் கவனித்து, தோல் டாக்டரான கணவர் அலஸ்டேரோடு சேர்ந்து 1992-இல் எழுதினார். சுருக்கத்துக்கான அனுமதி 2002-இல்தான் வந்தது. இத்தனை காலம் புழங்கிய மருந்து என்பதால்தான் என்ன செய்யும், எதில் சறுக்கும் என்று எங்களுக்கு நன்றாகத் தெரியும்.

இப்போது பிராண்டுகள். போடாக்ஸும் டிஸ்போர்ட்டும் 3, 4 மாதம் நிற்கும். டிஸ்போர்ட் சிலருக்கு 2, 3 நாளிலேயே பிடிக்கத் தொடங்கும், போடாக்ஸ் ஒரு நாள் முன்னே பின்னே. முழுப் பலன் இரண்டுக்குமே இரண்டு வாரம். டிஸ்போர்ட் கொஞ்சம் அகலமாகப் பரவும் என்று சொல்வார்கள். எத்தனை யூனிட், எவ்வளவு தண்ணீரில் கரைத்தது என்பதைப் பொறுத்ததுதான் அது பெரும்பாலும். உங்களுக்கு முக்கியமான ஒரு வேறுபாடு உண்டு: டிஸ்போர்ட்டில் லாக்டோஸ் சேர்க்கப்பட்டிருப்பதால் பசும்பால் புரதம் நூலளவு இருக்கலாம். பால் புரத அலர்ஜி உள்ளவர்கள் போட்டுக்கொள்ளக் கூடாது. பால் குடித்தால் வயிறு உப்புகிறது என்பது அலர்ஜி இல்லை, ஆனாலும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

சியோமின் என்று ஒன்று உண்டு. சுருக்கத்துக்கு 2011-இல் அனுமதி பெற்றது, அளவு போடாக்ஸைப் போலவே 20 யூனிட். டாக்ஸினோடு ஒட்டிவரும் துணைப் புரதங்களை நீக்கிவிட்டுச் செய்கிறார்கள், அதனால் மருந்தை வேலை செய்யவிடாத எதிர்ப்புப் பொருளை உடல் உருவாக்கும் வாய்ப்பு குறைவு என்பது வாதம். முதல்முறை போடுகிறவர் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதே இல்லை. கொரியாவிலிருந்து வருபவையும் உண்டு. நபோட்டா என்று விற்பதைத்தான் அமெரிக்காவில் ஜூவோ என்ற பெயரில் 2019-இல் அனுமதித்தார்கள். 2022-இல் அங்கே அனுமதி கிடைத்த டாக்ஸிஃபை, ஆய்வில் பாதிப் பேருக்கு 24 வாரம் வரை நின்றது. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் முதல்முறை போடும்போது நீண்டு நிற்பதைத் தேடாதீர்கள். பிடிக்கவில்லை என்றால் அதுவும் அத்தனை நாள் நிற்கும், இதைத் திருப்பி எடுக்க மருந்து கிடையாது.

பிராண்டைவிட உங்கள் வயதில் நான் அதிகம் பார்ப்பது நெற்றியை. நாற்பத்தைந்துக்கு மேல் பலருக்கு மேல் இமை லேசாகத் தொய்ந்திருக்கும். அதைத் தூக்கிப் பிடிக்க நெற்றித் தசை நாள் முழுக்க வேலை செய்துகொண்டிருக்கும், அவர்களுக்கே தெரியாது. அந்த நெற்றியில் தாராளமாக ஊசி போட்டால் கோடு போகும், கூடவே புருவம் இறங்கி, கண் தூக்கக் கலக்கத்தில் இருப்பதுபோல் கனத்துவிடும். வீட்டிலேயே பார்க்கலாம்: கண்ணை மூடி நெற்றியைத் தளர விட்டு, புருவத்துக்கு மேல் விரலை வைத்துக்கொண்டு மெல்லக் கண்ணைத் திறங்கள். விரலுக்கு அடியில் நெற்றி தானாக மேலே ஏறினால் உங்களுக்கும் அப்படித்தான். நல்ல டாக்டர் ஊசியை எடுப்பதற்கு முன் உங்களைச் சுளிக்கச் சொல்வார், புருவத்தைத் தூக்கச் சொல்வார், சிரிக்கச் சொல்வார், பென்சிலால் புள்ளி வைப்பார். நேராக வந்து குத்துகிறவரிடம் போகாதீர்கள். நீங்கள் கேட்டது புருவ நடுவுக்குத்தானே, நெற்றியை இந்த முறை விட்டுவிடலாம்.

அப்புறம் மருந்துப் புட்டி. உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள், இதில் கூச்சம் வேண்டாம். போடாக்ஸ் புட்டி (வயல் என்பார்கள்) புதிதாக இருக்கும்போது காலியாகத்தான் தெரியும். அடியில் கண்ணுக்கு எட்டியும் எட்டாத ஒரு வெண்படலம், அவ்வளவுதான். உள்ளே வெற்றிடம் இருப்பதால், மருந்தைக் கரைக்கும் சலைன் (உப்புநீர்) ஊசியைக் குத்தியதும் தண்ணீர் தானே இழுபட்டு உள்ளே போகும். இழுக்கவில்லை என்றால் அந்த வயலைத் தூக்கிப் போட வேண்டும், கம்பெனியே அப்படித்தான் சொல்கிறது. 100 யூனிட் வயலில் 2.5 மில்லி சலைன் சேர்ப்பது கம்பெனி சொல்லும் முறை, அப்போது 0.1 மில்லியில் 4 யூனிட். அதே வயலில் 5 மில்லி சேர்த்தால் அதே அளவு தண்ணீரில் 2 யூனிட்தான் இருக்கும். சில டாக்டர்கள் காரணத்தோடு வேறு அளவில் கரைப்பார்கள், அது தவறில்லை. "எவ்வளவு கரைத்தீர்கள், எனக்கு எத்தனை யூனிட் போட்டீர்கள்" என்று கேட்டால் பதில் வர வேண்டும். கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது போடாக்ஸ் லேபிளில் உள்ளது. லேபிளில் பேட்ச் எண், காலாவதி தேதி, இறக்குமதி செய்தவர் பெயர், லைசென்ஸ் எண் இருக்கிறதா பாருங்கள், போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே ஊசியில் ஏற்றி வைத்ததைக் கொண்டு வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். இது வெறும் பயமுறுத்தல் இல்லை: 2024 ஏப்ரலில் அமெரிக்காவின் பல மாநிலங்களில் போலி போடாக்ஸ் போட்டுக்கொண்டவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டு, அங்குள்ள அரசே எச்சரிக்கை விட்டது.

யார் போடக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள், மயஸ்தீனியா கிரேவிஸ் போன்ற நரம்பு-தசை நோய் உள்ளவர்கள், ஊசி போடும் இடத்தில் புண்ணோ சீழோ இருப்பவர்கள். ஜென்டாமைசின் வகை ஆன்டிபயாட்டிக் போட்டுக்கொண்டிருந்தால் முதலில் அதைச் சொல்லுங்கள். ஆஸ்பிரின் எடுப்பவர்களுக்கு ஊசி இடத்தில் கன்றிப்போகும். அதற்காக இதய டாக்டர் கொடுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம், ஒரு வாரம் நீலம் பாய்ந்திருந்தால் பரவாயில்லை.

பின்விளைவில் தலைவலியும் சிறு வீக்கமும் தானே போய்விடும். பயப்பட வைப்பது இமை தொங்குவது. புருவ நடுவுக்கு போடாக்ஸ் போட்ட ஆய்வுகளில் 100 பேரில் 3 பேருக்கு வந்தது. சில வாரத்தில் சரியாகும், அதுவரை கண் டாக்டர் தரும் சொட்டு மருந்து இமையைக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும். விழுங்கச் சிரமம், குரல் மாறுவது, எல்லாம் இரண்டாகத் தெரிவது, மூச்சு வாங்குவது இதில் எது வந்தாலும் கிளினிக்குக்குப் போன் செய்துகொண்டு காத்திருக்காதீர்கள், நேராகப் பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்ஸிக்குப் போங்கள்.

நாள் விஷயம்: தை கடைசியில் கல்யாணம் என்றால் மார்கழி நடுவிலேயே போட்டுவிடுங்கள். மார்கழி என்று தள்ளி வைத்தால் நேரம் போய்விடும். இரண்டு வாரம் கழித்து ஒருமுறை காட்டி, ஒரு புருவம் ஏறி ஒன்று இறங்கி இருந்தால் சரிசெய்துகொள்ளலாம். ஒருவேளை இமை தொங்கினாலும் தெளிய அவகாசம் இருக்கும். கல்யாணத்துக்கு 10 நாள் முன் முதல்முறையாகப் போடுவது வேண்டவே வேண்டாம். போட்ட அன்று நான்கு மணி நேரம் படுக்காமல், குனிந்து வேலை செய்யாமல் இருங்கள். அன்று எண்ணெய் தேய்த்துக் குளிப்பது, நெற்றியை அழுத்தித் தேய்ப்பது, சிரசாசனம் வேண்டாம். ஒட்டுப்பொட்டு வைக்கிற இடமும் ஊசி போடுகிற இடமும் ஒன்றுதான், அதனால் அன்றைக்குப் பொட்டை அழுத்தி ஒட்டாதீர்கள், மறுநாள் வைத்துக்கொள்ளலாம். ஃபேஷியலும் புருவ த்ரெட்டிங்கும் ஒரு வாரம் கழித்து.

இரண்டு கிளினிக்கில் எது? பால் அலர்ஜி இல்லையென்றால் போடாக்ஸா டிஸ்போர்ட்டா என்பது எனக்கு இரண்டாம்பட்சம். இரண்டு இடத்துக்கும் ஒருமுறை கன்சல்டேஷன் மட்டும் போய் வாருங்கள். ஊசி போடப்போவது அந்த டாக்டரேதானா, அவர் எம்.டி. அல்லது டிப்ளமா படித்த தோல் டாக்டரா அல்லது பிளாஸ்டிக் சர்ஜனா, வயலைக் காட்டுவாரா, இரண்டு வாரம் கழித்துப் பார்க்கும்போது தனிக் கட்டணமா, உங்கள் முகத்தை அசைத்துப் பார்த்தாரா, "இது உங்களுக்கு முழுசா போகாது" என்று உள்ளதைச் சொன்னாரா. இதற்கெல்லாம் யாரிடம் திருப்தியாகப் பதில் கிடைக்கிறதோ அவரிடம், அவர் கைக்குப் பழகிய மருந்தையே போட்டுக்கொள்ளுங்கள். டிஸ்போர்ட் பழகியவரிடம் போடாக்ஸ்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பதில் உங்களுக்கு லாபம் எதுவும் இல்லை. ஒருமுறை போட்டால் வாழ்நாள் முழுக்கப் போட வேண்டுமோ என்ற பயமும் இருந்தால் விட்டுவிடுங்கள்: கல்யாணத்தோடு நிறுத்தினால் சித்திரை, வைகாசி வாக்கில் தசை பழையபடி வேலை செய்யும், கோடு பழைய நிலைக்குத் திரும்பும், அதைவிட மோசமாகாது. தொடர வேண்டும் என்று தோன்றினால் மூன்று மாத இடைவெளிக்குக் குறையாமல் போட்டுக்கொள்ளலாம்.