தசைத் துடிப்பு: வாசகர் கேள்விகளுக்கு நரம்பியல் மருத்துவரின் பதில்கள்

கேள்வி: மூன்று வாரங்களாக இடக்கண்ணின் கீழ் இமை துடிக்கிறது. பக்கவாதத்தின் அறிகுறியா?

பதில்: இல்லை. உறக்கத்தைக் கூட்டுங்கள், காபியைக் குறையுங்கள். கண் தானாக இறுக மூடிக்கொண்டாலோ, துடிப்பு கன்னத்துக்கும் வாயோரத்துக்கும் பரவினாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: வயது 29. கெண்டைக்கால், தொடை, தோள் என இடம் மாறிச் சதை துடிக்கிறது. தசைகளை இயக்கும் நரம்புகள் படிப்படியாக அழியும் ஏ.எல்.எஸ். நோயோ என்று அஞ்சி, தினமும் குதிகாலால் நடந்து சோதித்துக்கொள்கிறேன்.

பதில்: அந்த நோய் உள்ளவர்கள் பெரும்பாலும் துடிப்புக்காக எங்களிடம் வருவதில்லை, சட்டைப் பொத்தானைப் போட விரல் ஒத்துழைக்கவில்லை, நடக்கையில் பாதம் தடுக்குகிறது, பேச்சு குழறுகிறது என்றுதான் வருகிறார்கள். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலுள்ள சதை குழிந்திருப்பதை அப்போது கண்ணாலேயே பார்க்க முடியும். வலுக்குறைவு இல்லாமல் துடிப்பு மட்டும் இருந்த சுமார் 120 பேரை, சிலரை 30 ஆண்டுகள் வரைகூட, தொடர்ந்து கவனித்து அமெரிக்காவின் மேயோ கிளினிக் 1993இல் வெளியிட்ட ஆய்வில், ஒருவருக்கும் இந்நோய் வரவில்லை. நரம்பியல் மருத்துவர் ஒருவர் கைகால் வலுவையும் நாக்கையும் அனிச்சைச் செயல்களையும் ஒருமுறை பரிசோதித்து இயல்பு என்று சொன்னால், சுயசோதனையை அன்றே நிறுத்துங்கள். களைத்த தசை மேலும் துடிக்கும்.

கேள்வி: நரம்புத் தளர்ச்சி என்று கடைக்காரர் சொன்னதால் வாரம் ஒரு நரம்பு ஊசி போட்டுக்கொள்கிறேன், சத்து மாத்திரைகளும் மூன்று வகை எடுக்கிறேன். துடிப்பு நிற்கவில்லை, இப்போது பாதமும் மரத்துப்போகிறது.

பதில்: இதை எத்தனை முறை எழுதினாலும் கடிதங்கள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. நரம்புத் தளர்ச்சி என்பது மருத்துவ நூல்களில் உள்ள நோய்க்கணிப்பு அன்று. அஞ்சியவரை மேலும் அச்சுறுத்தி ஊசி விற்பதற்கே அந்தச் சொல் பயன்படுகிறது. இரத்தத்தில் வைட்டமின் பி12 குறைந்திருப்பது உறுதியானால் ஊசி தேவை. அளவு பார்க்காமல் போடுவதால் பயனில்லை. அதைவிடக் கவலை தருவது அந்த மூன்று மாத்திரைகள்தாம். அவற்றில் கலந்துள்ள வைட்டமின் பி6 ஒன்றோடொன்று கூடி, மாதக்கணக்கில் அதிக அளவில் உடலில் சேர்ந்தால், உணர்வு நரம்புகளையே கெடுத்து மரமரப்பை உண்டாக்கும். நரம்பைக் காக்க வாங்கிய மருந்தே நரம்பைக் கெடுக்கும் இந்த அநியாயத்தை நான் அடிக்கடி காண்கிறேன். மூன்று அட்டைகளையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள்; சர்க்கரை அளவையும் சோதியுங்கள்.

கேள்வி: உடல் துடிக்கிறது. மருந்து சொல்லவும்.

பதில்: வயது இல்லை, உண்ணும் மருந்துகளின் பெயர் இல்லை, வலுக்குறைவு உண்டா என்பதும் இல்லை, இதற்கு எப்படிப் பதில் எழுதுவது? ஆஸ்துமாவுக்கான சால்பூட்டமாலும், இரத்த அழுத்தத்துக்கான சில நீர் மாத்திரைகளும், மிகையான தைராய்டும் துடிப்பைத் தூண்டக்கூடும். விவரங்களுடன் மீண்டும் எழுதுங்கள்.

கேள்வி: சென்னையில் வசிக்கிறேன். தசைகளை இயக்கும் நரம்பணுக்களைக் கெடுக்கும் ‘மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்’ பற்றிப் படித்ததிலிருந்து உறக்கமே இல்லை.

பதில்: சென்னை மருத்துவர்கள் 1970இல் முதன்முதலில் விவரித்ததால் வந்த பெயர் அது, நகரவாசிகளைப் பீடிக்கும் நோய் அன்று, மிக அரிதானது. இளவயதிலேயே கைகால் மெலிவு, முகத்தசைத் தளர்ச்சி, காது கேளாமை ஆகியவை அதன் அடையாளங்கள். உங்கள் கடிதத்தில் துடிப்பையும் அச்சத்தையும் தவிர வேறெதுவும் இல்லை. உறக்கம் கெடும் அளவுக்கு வளர்ந்துவிட்ட அச்சத்துக்கு மனநல மருத்துவரிடம் நல்ல சிகிச்சை இருக்கிறது; தயங்காமல் செல்லுங்கள்.