நண்பர் கொடுத்த பதவியா?

கேள்வி: ரீகனின் நண்பர் என்ற ஒரே தகுதியில் அமெரிக்க அட்டர்னி ஜெனரல் (நீதித் துறையின் தலைவர்) ஆனவர்தானே எட்வின் மீஸ்? அவரைப் பற்றி இன்னும் பேச என்ன இருக்கிறது? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: ரீகன் 1967-ல் கலிஃபோர்னியா ஆளுநர் ஆனபோது மீஸ் அவருடைய நண்பர் அல்ல. அலமீடா கவுண்டியில் குற்ற வழக்குகளை நடத்திய அரசு வழக்கறிஞர். ஆளுநர் அலுவலகத்தில் சட்ட விவகாரங்களைப் பார்க்க வந்தவர், இரண்டே ஆண்டில் அதன் தலைமை அதிகாரி ஆனார். எதிரெதிர்க் கருத்துகளை எல்லாம் கேட்டுவிட்டு, எந்தத் தரப்பையும் திரிக்காமல் ரீகனுக்குப் புரியும்படி சுருக்கிச் சொல்வார். வேலை பார்த்த இடத்தில் வளர்ந்த நட்பு அது.

1981-ல் ரீகன் அதிபரானதும் வெள்ளை மாளிகையில் கொள்கை மீஸிடமும், ஊழியர்கள், பத்திரிகை, காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) தொடர்பு எல்லாம் மாளிகையின் தலைமை அதிகாரி ஜேம்ஸ் பேக்கரிடமும் போயின. அமைச்சர் அந்தஸ்து மீஸுக்கு. அன்றாடக் கோப்பு பேக்கருக்கு. மீஸின் பெட்டிக்குள் போன காகிதம் திரும்பி வராது என்று சக ஊழியர்களே சொன்னார்கள். மூன்றே ஆண்டில் பேக்கரின் கை ஓங்கிவிட்டது.

நட்பால் பதவி வந்ததா என்று கேட்பதைவிட, பதவியில் இருந்தபோது நட்பு என்ன செய்தது என்று கேளுங்கள். 1986 நவம்பர் 21, வெள்ளிக்கிழமை. மீஸ் இப்போது அட்டர்னி ஜெனரல். ஈரானுக்கு ஆயுதம் விற்ற விவகாரத்தை விசாரிக்கும் பொறுப்பை ரீகன் அவரிடம் தருகிறார். மறுநாளே அவருடைய உதவியாளர்கள் தேசியப் பாதுகாப்புக் கவுன்சில் அதிகாரி ஆலிவர் நார்த்தின் அலுவலகத்தில் ஒரு குறிப்பைக் கண்டெடுக்கிறார்கள்: விற்ற பணத்தில் 1.2 கோடி டாலர் நிகராகுவா கிளர்ச்சியாளர்களுக்கு. கீழ்க்கோர்ட் வழக்கறிஞருக்கும் தெரியும், அந்த நிமிடமே அறைக்கு சீல் வைக்க வேண்டும் என்று. வைக்கவில்லை. நார்த் காகிதங்களைக் கிழித்துக்கொண்டே இருந்தார். தன் துறையிலேயே இருந்த குற்றவியல் பிரிவை மீஸ் அழைக்கவில்லை. தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் பாயின்டெக்ஸ்டர், சிஐஏ தலைவர் கேஸி போன்ற பெரிய தலைகளிடம் தனியாகப் பேசியபோது குறிப்பும் எடுக்கவில்லை. 25-ம் தேதி பணம் திருப்பிவிடப்பட்டதை அவரே நிருபர்களிடம் அறிவித்தார், அது உண்மை. ஆனால் பழைய அரசு வழக்கறிஞருக்கு இந்த முதல் பாடம் மறந்திருக்காது. அந்த வாரக்கடைசியில் அவர் நாட்டின் வழக்கறிஞராக அல்ல, ரீகனின் ஆலோசகராக நடந்துகொண்டார் என்பதே என் தீர்ப்பு.

வெட்டெக் விவகாரத்திலும் இதே கோளாறுதான். சட்டக் கல்லூரித் தோழர் பரிந்துபேசிய வெட்டெக் கம்பெனிக்கு ராணுவ ஒப்பந்தம் கிடைக்க அவருடைய அலுவலகம் தலையிட்டது. சுயேச்சை விசாரணை அதிகாரி வழக்குத் தொடரவில்லை. ஆனால் 1988 மார்ச்சில் துணை அட்டர்னி ஜெனரலும் குற்றவியல் பிரிவுத் தலைவரும் ஒன்றாக ராஜினாமா செய்தார்கள். ஆகஸ்டில் மீஸும் போனார்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. 1985 ஜூலை 9-ல் அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தில் மீஸ் ஒரு உரை நிகழ்த்தினார். அரசியல் சட்டத்தை எழுதியவர்கள் என்ன கருதினார்களோ அதன்படியே நீதிபதிகள் தீர்ப்பு எழுத வேண்டும் என்றார். மூன்றே மாதத்தில், பணிவு வேடம் போட்ட ஆணவம் இது என்று உச்ச நீதிமன்ற நீதிபதி பிரென்னன் பொது மேடையிலேயே பதில் கொடுத்தார். மீஸ் பேச்சோடு நிற்கவில்லை. நீதிபதி பதவிக்கு வந்த பெயர்களின் பழைய தீர்ப்புகளையும் கட்டுரைகளையும் நீதித் துறை படித்து, ஆளை நேரில் அழைத்துக் கேள்வி கேட்டது. 1986-ல் உச்ச நீதிமன்றத்துக்கு ரீகன் நியமித்த ஸ்காலியா 98-0 என்று செனட்டைக் கடந்தார். மறு ஆண்டு அதே நீதிமன்றத்துக்கு நியமிக்கப்பட்ட போர்க் 42-58-ல் தோற்றார். தன் கருத்துகளை ஒளிவுமறைவில்லாமல் எழுதிவைத்திருந்ததே அவருக்கு எதிராகத் திரும்பியது.

அதே 1985 நவம்பரில் மீஸின் துறையில் பதவி உயர்வு கேட்டு ஒரு இளம் வழக்கறிஞர் விண்ணப்பித்தார். கருக்கலைப்பு உரிமையை அரசியல் சட்டம் பாதுகாக்கவில்லை என்று அதிலேயே எழுதியிருந்தார். பதவி கிடைத்தது. பெயர் சாமுவேல் அலிட்டோ. 2022-ல் அந்த உரிமையை ரத்து செய்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பை எழுதியவர் அவர்தான்.